இயற்பியலில் முனைவர் பட்டம்: சேருமுன் கேட்க வேண்டியவை

இடக்கொச்சி, பள்ளுருத்தி, தோப்பும்படி, மட்டாஞ்சேரி என்று இந்தக் கரை நெடுகிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்றைக்குப் பட்டம் பெறாத வீடு குறைவு. தாத்தா பண்டகசாலையில் மூட்டை சுமந்திருப்பார், அப்பா கடை வைத்திருப்பார், பேரப்பிள்ளை பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி.யில் நிற்கும். பெருமைப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் வந்து, "அப்பா, நான் பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொன்னதும் வீட்டில் ஒரு மௌனம் விழும். பிறகு கேள்விகள் வரும். "இன்னும் எத்தனை வருஷம்டா? நாம காசு கட்டணுமா, அவங்க குடுப்பாங்களா? முடிச்சா வேலை நிச்சயமா?"

இந்தக் கேள்விகளைப் படிக்காதவர் கேள்வி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மூன்றும் சரியான கேள்விகள். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றுக்கான விடை சாப்பிட உட்காரும்போதே காதில் விழுந்துவிடுகிறது. முதன்முதலாக ஆய்வுக்குப் போகும் குடும்பத்தில்தான் சொல்ல ஆளில்லை. ஆய்வில் சேர்ந்து பாதியில் விடுகிற பிள்ளைகளில் பலர் கணக்கு வராமல் விடுவதில்லை. சேரும்போது நாலு கேள்வி கேட்காமல் விட்டதுதான் பிறகு ஐந்து வருஷத்தைத் தின்கிறது. அந்த நாலு கேள்வி எவை, யாரிடம் கேட்பது, அவற்றின் பின்னால் உள்ள விதி என்ன என்பதை இங்கே எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

பட்டமா, தொழிற்பயிற்சியா?

எம்.எஸ்சி. வரையில் நம் பிள்ளைகள் போடுவதெல்லாம் விடை தெரிந்த கணக்குகள். புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கும்; இல்லாவிட்டால் ஆசிரியரிடம் இருக்கும். முனைவர் பட்ட ஆய்வில் விடை யாரிடமும் கிடையாது. கைடுக்கும் தெரியாது. உலகத்தில் இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி, கண்டுபிடித்து, அது சரிதான் என்று தேர்வாளர்கள் முன்னால் நின்று நிலைநாட்டுவதுதான் பிஎச்.டி.

மட்டாஞ்சேரியில் மிளகு தரம் பார்க்கிறவர்களை நம்மில் பலர் அறிவோம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அதை அவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு மூத்தவர் பக்கத்தில் பல வருஷம் நின்று கற்றார்கள். ஆய்வும் அப்படித்தான். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது, எந்த அளவீட்டை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதெல்லாம் பழக்கத்தில் வருகிற கைத்திறம். அதனால்தான் எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட யார் பக்கத்தில் நிற்கப்போகிறோம் என்பது பெரிய கேள்வியாகிறது.

"சர் சி.வி. ராமன் பிஎச்.டி. பண்ணினாரா?" என்று சிலர் கேட்பதுண்டு. இல்லைதான். அவர் 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போய், அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் ஆய்வு செய்தார். பிறகு வேலையை விட்டுப் பேராசிரியரானார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டு, 1930-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்தக் காலம் வேறு. இன்று ஆய்வுக்கூடத்தில் நுழையவும், விஞ்ஞானி வேலைக்கு விண்ணப்பிக்கவும் இந்தப் பட்டம் பெரும்பாலும் வேண்டியிருக்கிறது.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஆசிரியராக வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் அவசரப்பட்டு ஆய்வில் இறங்க வேண்டியதில்லை. உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் ஆகிய தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் அறிவித்தது. எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். "வேலை கிடைக்கல, அதுவரைக்கும் பிஎச்.டி." என்று சேருகிறவர்களுக்கு இரண்டாம் வருஷத்திலேயே அலுத்துவிடும்.

உள்ளே போகும் வாசல்கள்

இயற்பியலுக்கு நம் நாட்டில் முக்கியமான வாசல்கள் நாலு. முதலாவது சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். மூன்று பகுதிகளில் 75 கேள்விகள் இருக்கும். அவற்றில் 55-க்கு விடையளித்தால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். ஆகவே தெரிந்ததை மட்டும் தொடுவது இங்கே ஒரு கலை. இதில் மேல்தட்டில் தேறினால் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2024 முதல், அதற்கு அடுத்த நிலைகளில் தேறுகிறவர்களும் அந்த மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்குக் காட்டலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்.

இரண்டாவது கேட். இதன் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், ஐ.ஐ.டி.க்களில் சேர உதவும். மூன்றாவது ஜெஸ்ட் என்னும் கூட்டு நுழைவுத் தேர்வு. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனம், கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் போன்றவை இதைப் பார்க்கின்றன. நாலாவது மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் தேர்வு. எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும்போதே இவற்றுக்கு எழுதலாம். பி.எஸ்சி. முடித்தவர்கள் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்புக்கும் போகலாம்.

ரொம்ப தூரம் போக வசதிப்படாதவர்களுக்கு நம் பக்கத்திலேயே களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் குசாட் என்பார்கள். 1971-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே இயற்பியல் துறையும், லேசர் ஒளி ஆராய்ச்சிக்கென்று 1995-ல் ஏற்பட்ட சர்வதேச ஃபோட்டானிக்ஸ் பள்ளியும் உண்டு. வைட்டிலாவில் மெட்ரோ ஏறினால் கொச்சி யூனிவர்சிட்டி என்றே ஒரு ஸ்டேஷன். வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே ஆய்வு செய்யலாம். திருவனந்தபுரத்தில் ஐசர், விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டும் இருக்கின்றன.

முதல் கேள்வி: என் பதிவு செல்லுமா?

இதைச் சொல்லும்போது அன்னா மணியின் வரலாற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த அதே மலை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1939-ல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உள்வாங்கி உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். ஒரு புகைப்படத் தகட்டில் நிறமாலை பதிய சில சமயம் 15, 20 மணி நேரம் ஆகும். ராத்திரி முழுவதும் ஆய்வுக்கூடத்திலேயே இருப்பார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

அப்போது பெங்களூர் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. எனவே 1945-ல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? உங்களிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை, ஆகவே பிஎச்.டி. தர இயலாது என்றார்கள். ஆய்வு மோசம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காகிதம் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆய்வேடு பட்டமில்லாமலே நின்றுபோனது. அன்னா மணி மனம் தளராமல் லண்டன் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்து, 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, அதன் துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். நாட்டின் வானிலைக் கருவிகளைத் தரப்படுத்தியவர் என்று இன்றும் போற்றுகிறோம். ஆனாலும் அந்தப் பட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

இன்றும் காகிதம் காகிதம்தான். ஆகவே விதியை நேரில் படியுங்கள். மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு பெற்றவர்கள் எம்.எஸ்சி. இல்லாமலே நேராகச் சேரலாம். கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024-ல் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வாசல் புதிதாகத் திறக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு என்பது கால அளவு. தேவைப்பட்டால் மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். எம்.ஃபில். படிப்பு அந்த விதியோடு நின்றுபோனது. "வீட்டிலிருந்தே இணையவழியில் பிஎச்.டி." என்று விளம்பரம் வந்தால் ஏமாற வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கல்வி வணிகக் கம்பெனிகள் தரும் அத்தகைய பட்டங்களை ஏற்க முடியாது என்று 2022 அக்டோபரிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

நம்மைப் போல மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கு இங்கே கூடுதலாக இரண்டு சிக்கல். ஒன்று, தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. முடித்துக் கேரளப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது, அந்தப் பட்டம் இங்கே இணையானது என்று தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். சேர்க்கைக் கடைசி நாளில் ஓடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். பட்டியல் இனங்களின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் குடியேறிய மாநிலத்தின் சலுகையை அதே காரணம் காட்டிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. ஆகவே கேரள அரசின் சலுகை வேறு, மத்திய அரசுத் தேர்வுகளிலும் நிறுவனங்களிலும் கிடைக்கும் சலுகை வேறு. பூர்வீக மாநிலத்தில் நம் சாதி எந்தப் பட்டியலில் இருக்கிறது, இங்கே இருக்கிறதா, அப்பாவின் சான்றிதழ் எங்கே வாங்கியது என்பதை எம்.எஸ்சி. முதலாண்டிலேயே வில்லேஜ் ஆபீஸிலும் தாலுக்கா ஆபீஸிலும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு கேட்கும் சான்றிதழின் படிவமே தனி. நேர்முகத்துக்கு முந்தின நாள் அலைந்தால் கிடைக்காது.

இரண்டாம் கேள்வி: பணம் யார் தருகிறார்கள்?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். இயற்பியல் ஆய்வுக்கு நாம் கைக்காசு போட்டுப் படிக்க வேண்டியதில்லை, போடவும் கூடாது. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பிட்டு எஸ்.ஆர்.எஃப். ஆக்குவார்கள், அது 42,000. நகரத்துக்குத் தக்க வீட்டு வாடகைப் படி தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் இரண்டு ஆண்டில் 8 லட்சத்து 88 ஆயிரம், அடுத்த மூன்று ஆண்டில் 15 லட்சத்து 12 ஆயிரம், ஆக ஐந்து ஆண்டில் 24 லட்சம். பிள்ளை வீட்டுக்குச் சுமையாக இருக்காது.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. உதவித்தொகை ஐந்து ஆண்டோடு நின்றுவிடும். ஆய்வோ ஆறாம் ஆண்டுக்கும் நீளலாம். அந்தக் கடைசி ஆண்டுக்கு என்ன வழி என்று முதலாண்டிலேயே யோசிக்க வேண்டும். இன்னொன்று, பணம் மாதா மாதம் தேதி தவறாமல் வரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகி, பிறகு மொத்தமாக வரும். முதல் தவணை வந்ததும் சில மாதச் செலவுக்கு எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கைடு நடத்தும் ஒரு திட்டத்திலிருந்து சம்பளம் என்றால், அந்தத் திட்டம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்க வேண்டும். திட்டம் மூன்று ஆண்டு, ஆய்வு ஐந்து ஆண்டு என்றால் நடுவில் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். திட்டத்தில் வேலை பார்ப்பதும் பிஎச்.டி.க்குப் பதிவாவதும் ஒன்றல்ல என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருஷம் திட்டத்தில் உழைத்துவிட்டு, பதிவே நடக்கவில்லை என்று பிறகு தெரியவந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மூன்றாம் கேள்வி: யார் பக்கத்தில் நிற்கப் போகிறேன்?

நெறியாளர், அதாவது கைடு. அடுத்த ஐந்து வருஷத்துக்கு அப்பா அம்மாவுக்கு அடுத்தபடி பிள்ளையின் வாழ்க்கையை இவர்தான் தீர்மானிப்பார். பெயர் பெரியது என்பதற்காக மட்டும் போய் விழக் கூடாது. பெரிய பெயருள்ளவருக்கு மாணவரைப் பார்க்கவே நேரமில்லாமல் இருக்கலாம். பெயர் தெரியாத ஓர் உதவிப் பேராசிரியர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம்.

விதியில் இருப்பதை முதலில் பாருங்கள். பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புது மாணவரைச் சேர்க்கக் கூடாது. ஆகவே "சார், உங்களிடம் இடம் இருக்கிறதா? உங்கள் பணிக்காலம் எதுவரை?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து, அவரிடம் கேட்க முடியாததை அவர் மாணவர்களிடம் கேளுங்கள். சீனியர்களை ஒரு சாயாக்கடைக்கு அழைத்துப் போய், "சேட்டா, உங்களுக்கு முன்னால முடிச்ச மூணு பேருக்கு எத்தனை வருஷம் ஆச்சு? அவங்க இப்போ எங்கே இருக்காங்க? எழுதிக் கொடுத்தா சார் எத்தனை நாள்ல படிச்சுத் தருவார்?" என்று கேட்டால் உண்மை வரும். ஒருவரும் முடிக்கவில்லை என்றாலோ, மாணவர்கள் பதில் சொல்லத் தயங்கினாலோ, அதுவே பதில்.

சோதனை ஆய்வுக்குப் போகிறவர்கள் கருவியையும் பார்க்க வேண்டும். கருவி இருக்கிறதா என்று கேட்பது போதாது. ஓடுகிறதா என்று கேளுங்கள். மிகக் குளிர்ந்த நிலையில் செய்யும் ஆய்வென்றால் திரவ ஹீலியம் எங்கிருந்து வருகிறது, லேசர் கெட்டால் யார் பழுது பார்ப்பார்கள் என்பதெல்லாம் ஒரு வருஷத்தைக் காப்பாற்றும் கேள்விகள்.

நாலாம் கேள்வி: தலைப்பை எப்படிப் பார்ப்பது?

தலைப்பு விஷயத்தில் நம் பிள்ளைகள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1930-ல் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியிலேயே, ஒரு வெள்ளைக்குள்ளன் விண்மீனின் நிறைக்கு மேல்வரம்பு உண்டு என்ற கணக்கைப் போடத் தொடங்கிவிட்டார். 1983-ல் நோபல் பரிசு வந்தபோது உலகம் நினைவுகூர்ந்த வேலைகளில் முதன்மையானது அதுதான். ஆனால் கேம்பிரிட்ஜில் 1933-ல் அவர் முனைவர் பட்டம் பெற்றது அந்தக் கணக்குக்காக அல்ல. சுழலும் வாயுக் கோளங்களின் வடிவம் பற்றிய வேறொரு வேலைக்காக. நடுவில் கேம்பிரிட்ஜில் மனம் சோர்ந்து, ஏறத்தாழ ஓர் ஆண்டைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் கழித்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஆய்வேடு வாழ்நாள் சாதனையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நல்ல தலைப்புக்கு மூன்று அடையாளம். முதல் ஆண்டிலேயே ஏதாவது ஒரு சிறு விடை கிடைக்க வழி இருக்கும். ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதை இருக்கும். கைடுக்கு அந்தத் துறையில் சமீபத்தில் வெளியான கட்டுரைகள் இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் துணிந்து இறங்கலாம்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

சேர்ந்தவுடன் பாடவகுப்புகள் உண்டு. குறைந்தது 12 கிரெடிட். "எம்.எஸ்சி.யிலேயே படிச்சாச்சே" என்று அலட்சியம் செய்யாமல் குவாண்டம் இயக்கவியலையும் புள்ளியியல் இயற்பியலையும் மறுபடி ஒருமுறை ஒழுங்காகப் படிக்கக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் என்று நினைக்க வேண்டும். அரை ஆண்டுக்கொரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்பு போய் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். கைடோடு மனத்தாங்கல் வந்தால் முறையிட இருக்கும் முதல் இடமும் அந்தக் குழுதான். அதனால் அதைச் சடங்காக்கிவிடக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி போட்டு, அன்றைக்கு என்ன அளந்தோம், என்ன கணக்கு போட்டோம், எது தப்பாகப் போனது என்று தினமும் எழுத வேண்டும். மூன்று வருஷம் கழித்து ஆய்வேடு எழுதும்போது அதுதான் கைகொடுக்கும். கணினியில் பைத்தான் மொழி கொஞ்சம் பழகிக்கொள்வது எந்தப் பிரிவுக்கும் நல்லது.

அடுத்தது, படிப்பு. ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியம் 1991 முதல் நடக்கிறது. உலகத்தின் இயற்பியல் கட்டுரைகளில் பெரும்பகுதி அங்கே இலவசம். இடக்கொச்சியில் இருப்பவருக்கும் ஹார்வர்டில் இருப்பவருக்கும் ஒரே நாளில் ஒரே கட்டுரை கிடைக்கிறது. இந்திய ஆய்வேடுகளைப் பார்க்க ஷோத்கங்கா இருக்கிறது. சேர நினைக்கும் கைடின் பழைய மாணவர்களின் ஆய்வேடுகளை அங்கே எடுத்துப் படித்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

புதிதாக எதுவும் கண்டுபிடிக்குமுன், வெளியான ஒரு கட்டுரையின் முடிவைத் தானே மறுபடி வரவழைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. அடுத்தவர் எழுதியதை எடுத்து ஒட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். 2018-ன் விதிப்படி ஆய்வேட்டில் ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

வேலை செய்தால் போதுமா?

செய்த வேலையை எழுதி வெளியிட வேண்டும். இதற்கு நம் பக்கத்து உதாரணம் ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பள்ளத்தில் 1931-ல் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் மார்ஷக் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது, அணுக்கருவில் நிகழும் மெல்விசையின் வடிவத்தைக் கண்டறிந்தார். 1957 ஏப்ரலில் அங்கேயே ஒரு பெரிய மாநாடு நடந்தது. மாணவர் என்பதால் சுதர்சனுக்குப் பேச வாய்ப்பில்லை. மார்ஷக் வேறு விஷயம் பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில் இத்தாலியில் நடந்த மாநாட்டில்தான் அது வெளியே வந்தது. அந்த மாநாட்டுத் தொகுப்போ அச்சாகத் தாமதமானது. இதற்கிடையில் 1958 ஜனவரியில் ஃபெய்ன்மனும் கெல்மனும் அதே கருத்தைப் பிரபலமான இதழில் வெளியிட்டுவிட்டார்கள். சுதர்சனும் மார்ஷக்கும்தான் முதலில் கண்டார்கள் என்று பிற்பாடு ஃபெய்ன்மனே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது.

ஆகவே முடிவு உறுதியானதும் எழுதுங்கள், தேதியோடு வெளியே வையுங்கள். பிஎச்.டி. பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்றிருந்த விதியை 2022-ல் எடுத்துவிட்டார்கள். அதற்காக வெளியிடாமல் இருந்தால் அடுத்த வேலைக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. காசு வாங்கிக்கொண்டு வாரத்தில் அச்சிட்டுத் தரும் போலி இதழ்களில் போட்டால் அதைவிடக் கேவலம். கட்டுரையில் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதையும் வேலை தொடங்கும்போதே கைடிடம் பேசிக்கொள்வது நல்லது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

"பொண்ணுக்கு இருபத்தாறு ஆயிடும், அப்புறம் யாரு கட்டுவா?" என்று எம்.எஸ்சி.யோடு நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காக விதியில் உள்ள மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். பெண் ஆய்வாளருக்குக் கால வரம்பில் இரண்டு ஆண்டு கூடுதல் உண்டு; மறுபதிவையும் சேர்த்தால் பத்து ஆண்டுவரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள்வரை விடுப்பு உண்டு. கல்யாணமாகி வேறு ஊர் போனால், செய்த ஆய்வை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு உரிய நிபந்தனைகளோடு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. இங்கே பதிவு செய்த பெண் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ வாக்கப்பட்டுப் போனால் எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். சம்பந்தம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். அன்னா மணி எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே ராத்திரி முழுக்க ஆய்வுக்கூடத்தில் இருந்தார் என்றால் நம் பெண்களுக்கு என்ன குறை?

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொண்டால், பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கவோ ஆய்வில் உதவவோ சம்பளமும் தருவார்கள். ஐந்து ஆறு வருஷம் ஆகும். ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பலர் சம்பள ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியர்கள், எம்.எஸ்சி. வேண்டும், மூன்று நாலு வருஷம். உதவித்தொகை இல்லாமல் "சேர்ந்துகொள், பணம் நீ கட்டு" என்று எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தாலும் வீட்டை அடகு வைத்துப் போக வேண்டாம். இயற்பியலில் அது நல்ல அறிகுறி இல்லை.

முடிவாக

பட்டம் வாங்கிய மறுநாளே நிரந்தர வேலை என்று நான் ஆசை காட்ட மாட்டேன். பேராசிரியர் வேலைக்கு முன்னால் இரண்டு மூன்று வருஷமாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். கல்பாக்கம், இஸ்ரோ போன்ற இடங்களும், கருவித் தொழிலும், தரவுப் பகுப்பாய்வு வேலைகளும் உண்டு. எதுவானாலும், ஒரு கேள்வியை ஐந்து வருஷம் விடாமல் துரத்திப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

பதிவு செல்லுமா, பணம் யார் தருகிறார்கள், யார் வழிகாட்டுகிறார், தலைப்பு முடிக்கக்கூடியதா என்ற இந்த நாலையும் சேருமுன் கேட்டுவிடுங்கள். விதிகள் அடிக்கடி மாறும்; விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். நம் ஊரில் ஏற்கெனவே ஆய்வு செய்து முடித்தவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்களை அழைத்து நம் பிள்ளைகளோடு ஒரு மாலை பேசச் சொன்னால், பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பிள்ளைக்கும் கிடைக்கும். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். ஆய்வு என்பதே கேட்பதில்தான் தொடங்குகிறது. புறப்படும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.